ஒன்றுமில்லையாரின் இரண்டு கையெழுத்துகள்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கிளம்பாது என்று முன்கூட்டியே எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் முத்திரையும் குத்திக் கொடுப்பதற்கென்றே உலகத்தில் ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த இனத்துக்கு ஒன்றுமில்லையார் என்று பெயர். உத்தியோகப் பெயர் வேறு. அது விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடிக்கும்: முதுநிலை ஆலோசகர், தொல்லியல் மற்றும் மரபு மதிப்பீடு.

வெற்று நிலத்தில் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டுமானால், அந்த மண்ணுக்கடியில் முன்னோர் விட்டுப்போன சுவரோ புதைகுழியோ பட்டறையோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இருந்தால் வேலையை நிறுத்திப் பதிவு செய்ய வேண்டும், காப்பாற்ற வேண்டும். இல்லையென்றால் தாராளமாகக் கான்கிரீட்டைக் கொட்டலாம். நல்ல சட்டம்தான். பார்க்கிற கண்ணைக் கட்டடம் கட்டுகிறவரே அமர்த்திக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் அதிலுள்ள சின்ன ஓட்டை. நம்மவர் குடும்பம் நடத்துவது அந்த ஓட்டைக்குள்ளேதான்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். நிலத்துக்குக் காரில் வருவார். இன்ஜினை அணைக்க மாட்டார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, மறு காலை உள்ளேயே விட்டு, கண்ணுக்கு மேல் கையைக் குடைபிடித்துக் கிழக்கே ஒரு தடவை, மேற்கே ஒரு தடவை பார்த்து, "ம்" என்று சொல்லி, வெளியே வைத்த காலைத் தட்டித் துடைத்து உள்ளே இழுத்துக்கொள்வார். கள ஆய்வு முடிந்தது. மழை நாளென்றால் கதவும் திறக்காது.

காலுக்கடியில் ஏதாவது தட்டுப்பட்டுவிட்டால்? அதற்கும் சொல் தயாராக இருக்கிறது. பானை ஓடு என்றால் "மேட்டுலருந்து அடிச்சுக்கிட்டு வந்தது." செங்கல் என்றால் "நேத்து வச்சது." எலும்பு என்றால் "ஆடு." ஒருமுறை மனித மண்டையோடே பல் தெரியச் சிரித்தபோது, இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "பெரிய ஆடு" என்றாராம். இது அவரைப் பிடிக்காதவர்கள் கட்டிவிட்ட கதையாகவும் இருக்கலாம். ஆனால் அவரைப் பிடித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நிலத்தில் ஒன்றுமில்லை என்று எழுத எத்தனை பக்கம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? எண்பத்தாறு. மழையளவு, மண்ணின் நிறம், பறவைகளின் பட்டியல், நூற்றாண்டு வரலாறு, வரைபடங்கள், பின்னிணைப்பு என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே அறிக்கைதான், நிலத்தின் பெயரை மட்டும் மாற்றுவார். அந்தப் பெயரையும் எல்லா இடத்திலும் மாற்றுவதற்கு அவருக்கு நேரம் போதாது. அனுமதி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கும் எழுத்தர் அம்மாள் ஒருவர்தான் இந்த உலகில் அவருடைய அறிக்கைகளைப் படிப்பவர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கும் அந்த அம்மாள், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒருநாள் கேட்டார்:

"சார், பதினாலாம் பக்கத்துல 'கடற்கரையோரம் எதுவும் தென்படவில்லை'ன்னு இருக்கே. இந்த இடத்துலருந்து கடல் முன்னூறு கிலோமீட்டராச்சே?"

வேறு யாராக இருந்தாலும் முகம் கறுத்திருக்கும். ஒன்றுமில்லையார் கறுக்கவில்லை.

"அதனாலதாம்மா தென்படலை."

இதே திறமைதான் வீட்டிலும். கத்தரிக்கோலைத் தேடச் சொன்னால், அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாத்தாச்சு, இல்ல" என்பார். அவருடைய மனைவி வந்து, அவர் கை வைத்திருந்த மேசையின் மீதிருந்தே அதை எடுப்பார். "கண்ணை ஆபீஸ்லயே கழட்டி வச்சுட்டு வர்றீங்களா?" என்று கேட்பார். பாவம், ஆபீசில் அது இல்லை என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இப்படி ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சகதியில் சிக்கியது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பதினோரு ஏக்கர் சும்மா கிடந்தது. அதில் கடைகளும் திரையரங்குகளும், அடியில் மூன்று தளத்துக்கு வாகன நிறுத்தமும் கொண்ட ஒரு பெரிய வளாகம் வரப்போகிறது. ஒன்றுமில்லையார் நிலத்தைப் பார்க்கும் முன்பே அறிக்கையைக் கொடுத்துவிட்டார். அதுதான் நேர மேலாண்மை. மூன்றாம் நாள் எழுத்தர் அம்மாளிடமிருந்து போன் வந்தது.

"சார், கொஞ்சம் ஆபீசுக்கு வந்துட்டுப் போங்க. இந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு அறிக்கை இருக்கு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால குடுத்தது."

"யாரு எழுதினது?"

"வந்து பாருங்களேன்."

போனார். அம்மாள் இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எண்பத்தாறு பக்கம், வழுவழுவென்ற அட்டை. இன்னொன்று பழுப்பேறியது, நாற்பத்தொரு பக்கம், முழுக்கக் கையெழுத்து. பணிமனைக்காகச் சாக்கடை வெட்டியபோது அந்தப் பள்ளத்தில் மூன்று வட்டமான செங்கல் தொட்டிகள் தெரிந்ததாகவும், அவை துணிக்குச் சாயம் தோய்க்கும் பழங்காலப் பட்டறை ஒன்றின் தொட்டிகள் என்றும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நாலு முழ இடைவெளி என்றும், இந்த வரிசை கிழக்கே தொடர்ந்து ஒன்பதாவது தொட்டியில் முடியும் என்றும், இந்த நிலத்தில் ஒரு கடப்பாரைகூட இறங்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. "கூடாது" என்ற சொல்லுக்கு அடியில் மூன்று கோடு. மூன்றாவது கோடு காகிதத்தைக் கிழித்திருந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு படம். ஒவ்வொரு செங்கலும் எண்ணி வரைந்தது.

அடியில் கையெழுத்து. இப்போது போடுகிற புழு நெளிசல் மாதிரி இல்லாமல் முழுப்பெயரும் எழுத்து எழுத்தாகப் படிக்கிற மாதிரி இருந்தது. ஒன்றுமில்லையார் அதைப் படித்தார். அவருடைய பெயர்தான்.

"ரெண்டும் நீங்கதான் சார்" என்றார் அம்மாள். "இருக்குன்னும் நீங்க சொல்றீங்க, இல்லைன்னும் நீங்க சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

ஒன்றுமில்லையார் மின்விசிறியைப் பார்த்தார். 

"மூத்தவர் சொல்றதை நம்புங்கம்மா."

"அப்படியே எழுதிக் குடுத்துருங்க."

அன்று மாலையே எழுத உட்கார்ந்தார். 'முந்தைய ஆய்வாளர் அனுபவக் குறைவினாலும், இளமைக்கே உரிய கற்பனை வளத்தினாலும், மூன்று தொட்டிகளைக் கண்டு ஒன்பது என முடிவு கட்டியது அறிவியல் முறைக்கு உகந்ததன்று.' எழுதி முடித்ததும் அவருக்கே ஒரு திருப்தி. பிறரைத் திட்டுவதில் இருக்கிற சுகம் தன்னைத் திட்டுவதிலும் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சாயத் தொட்டியா? பூங்கா பெஞ்சுல என்னை உட்கார வச்சு ரெண்டு மணி நேரம் சொன்னீங்களே, அதுவா?"

"அப்ப விவரம் தெரியாத வயசு."

"விரல் நகத்துல எல்லாம் மண்ணு. நாலாவது தொட்டி எங்கே இருக்கும்னு தரையில குச்சியால கோடு போட்டுக் காமிச்சீங்க. சரியான கிறுக்குன்னு நினைச்சேன். அந்த அனுபவமில்லாத ஆளைத்தாங்க நான் கட்டிக்கிட்டேன். இந்த முதுநிலை ஆலோசகர் எப்ப வந்து குடியேறினார்னு எனக்கு ஞாபகமே இல்லை."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒன்றுமில்லையார் 'கற்பனை வளம்' என்பதைக் 'கற்பனை' என்று திருத்தினார். வளம் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் எழுத்தர் அம்மாள் விதிமுறைப் புத்தகத்தையும் படிப்பவர். பழைய அறிக்கை ஒன்று இருக்குமானால், அது குறிப்பிடுகிற இடத்திலேயே, ஆய்வாளர் முன்னிலையில், குறைந்தது ஒரு சோதனைக் குழி தோண்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. இருபது வருடமாக யாரும் சீண்டாத விதி. அதைச் சிவப்பு மையில் எடுத்து எழுதி அனுப்பினார்.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்றுமில்லையார் வரலாற்றில் முதல் தடவையாகக் காரின் இன்ஜினை அணைத்தார். இரண்டு காலையும் வெளியே வைத்தார். பொக்லைன் ஓட்டுநர் ஒருவர் இயந்திரத்தோடு தயாராக இருந்தார்; ஐம்பது வயது, கழுத்தில் துண்டு, அதிகம் பேசாத ஆள். பழைய படத்தைப் பிரித்து, சாக்கடையிலிருந்து அடி அளந்து, "இங்க" என்று காட்டினார் ஒன்றுமில்லையார். மனத்துக்குள் முந்தைய ஆய்வாளரை நினைத்துச் சிரித்துக்கொண்டார். மூன்றைப் பார்த்து ஒன்பது சொன்ன அதிமேதாவி! ஒரு குழி, வெறும் மண், பதினோரு மணிக்கு வீடு.

வாளி இறங்கியது. மண் வந்தது. மறுபடி இறங்கியது. நாலாவது தடவை ஓட்டுநர் கையை எடுத்தார். இயந்திரம் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"சத்தம் வேற மாதிரி இருக்கு சார். பாறைன்னா 'கர்ர்'ங்கும். இது வெத்தா கேக்குது. கீழ ஏதோ கட்டிருக்காங்க."

குழிக்குள் எட்டிப் பார்த்தார் ஒன்றுமில்லையார். ஓரத்தில் சிவப்பாக ஒரு வளைவு.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? "நேத்து வச்சது" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் அதைச் சொல்வதற்குள் கால் குழிக்குள் இறங்கிவிட்டது. பளபளப்பான ஷூ கணுக்கால்வரை புதைந்தது. கரண்டி இல்லை, தூரிகை இல்லை. அதெல்லாம் வைத்திருந்த காலம் எப்போதோ போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து அதன் விளிம்பால் மண்ணைச் சுரண்டினார். செங்கல். அதற்குப் பக்கத்தில் இன்னொரு செங்கல். வட்டம் திரும்புகிறது. உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு.

"நாலு!" என்று கத்தினார்.

ஓட்டுநர் மேலிருந்து பார்த்தார். "எடுத்த எடுப்புலயே நாலா சார்?"

"முதல் மூணும் நான் முன்னாடியே பாத்தது! வண்டியைக் கொஞ்சம் கிழக்க நகத்துங்க. மெதுவா! முட்டை மேல நடக்கிற மாதிரி!"

ஒரு குழி போதும் என்றது விதி. அவர் விதியை மறந்தார். நாலு முழம் தள்ளி ஐந்து. அடுத்த நாலு முழத்தில் ஆறு. ஓட்டுநரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஏழாவதை அவர்தான் முதலில் தொட்டார், "சார், சார்!" என்று கூப்பிட்டபோது அவர் குரலும் மாறியிருந்தது. எட்டாவது தொட்டியின் அடியில், பூச்சுக்குள் ஊறிப்போய், நீலம். எத்தனையோ நூறு வருடம் மண் மூடியும் வெளுக்காத நீலம். பக்கத்தில் எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது. யாரோ புதுச் சுண்ணாம்பு குழைத்து, கையாலேயே அப்பி மெழுகியிருக்கிறார்கள். நாலு விரல் தடம் அப்படியே இருந்தது. ஒன்றுமில்லையார் தன் நாலு விரலை அதில் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"இங்கே வேலை பாத்தவரோட கை" என்றார். "விரிசலைப் பாத்திருக்கார், அடைச்சிருக்கார், மறுபடி சாயத்தை ஊத்தியிருக்கார். அவ்வளவுதாங்க. ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. வேலைக்குப் போன ஒரு ஆள்."

ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்மள மாதிரி" என்றார்.

ஒன்பதாவது தொட்டி, ஒன்பதாவது தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்கு அப்பால் வெறும் மண்.

ஐம்பத்து மூன்று வயது மனிதர் இடுப்பில் கை வைத்து நின்றார். வாழ்நாளில் தொழில்ரீதியாக அவர் சொன்ன எத்தனையோ ஆயிரம் வாக்கியங்களில் உண்மை என்று நிரூபணமானது இது ஒன்றுதான். இருபத்தேழு வயதில், ஒரு சாக்கடைப் பள்ளத்தில் நின்று, நெற்றிக்கு நேரே சொன்னது. கண் கலங்கிவிட்டது. மண்ணாலும் இருக்கலாம்.

"சார்!" என்று மேலிருந்து ஒரு குரல். தலைக்கவசமும் புன்னகையுமாக வளாக நிறுவனத்தின் மேனேஜர். மிகவும் பண்பான மனிதர். இதுவரை யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்த வேண்டிய தேவை வந்ததில்லை. "ஒரு குழின்னாங்க. நீங்க வாய்க்காலே வெட்டிட்டீங்க போல. எல்லாம் நல்ல சேதிதானே?"

ஒன்றுமில்லையார் நிமிர்ந்தார்.

"அது என்ன சார், வட்ட வட்டமா?"

அந்தக் கணம் எவ்வளவு நீளம் என்று நினைக்கிறீர்கள்? ஒருவர் தலையைத் தாழ்த்திக் கீழே பார்த்து மறுபடி தூக்குகிற நேரம். அதற்குள் அவர் மனத்தில் என்னென்னவோ ஓடியது: அடுத்த மாதம் இதே நிறுவனத்தின் இன்னும் இரண்டு நிலங்கள், விசிட்டிங் கார்டின் இரண்டு வரி, 'மூத்தவரை நம்புங்கள்' என்று எழுதிக் கொடுத்தது, இப்போது இளையவன் ஜெயித்தால் மூத்தவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது. கடைசியாக ஓடியதுதான் முதலாவதாக வந்தது.

"பஸ் டிப்போவோட பழைய கழிவுத் தொட்டி" என்றார்.

"அட, அவ்வளவுதானா!" மேனேஜரின் புன்னகை இன்னும் அகலமானது.

ஓட்டுநர் ஒன்றுமில்லையாரின் முகத்தையே பார்த்தார். "சார், ஒவ்வொண்ணா சந்தோஷமா எண்ணுனீங்களே?"

"கழிவுத் தொட்டின்னா எண்ணக் கூடாதா?"

"மூடிரலாமா சார்?" என்றார் மேனேஜர்.

"மூடிரலாம்."

ஓட்டுநர் குழியை விட்டு ஏறினார். இயந்திரத்தில் ஏறிச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார். கீழே இறங்கினார்.

"நான் மூட மாட்டேன் சார். எனக்குப் படிப்பு கிடையாது. ஆனா முப்பது வருஷமா மண்ணு தோண்டுறேன், கழிவுத் தொட்டி எத்தனையோ உடைச்சிருக்கேன். அது நாறும்." ஒன்றுமில்லையாரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார். "தொட்டி நாறல."

சொல்லிவிட்டு நடந்துபோனார். மறுநாளிலிருந்து அவருக்கு அங்கே வேலை இல்லை. அன்று மாலைக்குள்ளேயே வேறொரு ஓட்டுநர் வந்தார். சின்ன வேலை, நாற்பது நிமிடத்தில் முடிந்தது. இயந்திரத்தின் பல் பட்டபோது எட்டாவது தொட்டி என்ன சத்தம் போட்டது என்று கேட்க ஒன்றுமில்லையார் அங்கே இல்லை. காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்.

'கழிவுத் தொட்டி' என்று வந்த சோதனைக் குழி அறிக்கையை எழுத்தர் அம்மாள் முழுக்கப் படித்தார். கோப்பின் ஓரத்தில், 'இரு கையெழுத்துகளில் முதலாவது தெளிவாக உள்ளது. பரிசீலிக்கவும்' என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினார். மேலதிகாரி அந்தக் குறிப்பின் மீதே ஒப்புதல் முத்திரையைக் குத்தினார். இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டார். அம்மாள் பழைய கோப்பை அழிக்கவேண்டிய கோப்புகளின் அடுக்கில் சேர்க்காமல், வேறொரு பிரிவில், தொலைந்துபோக முடியாத ஓர் எண்ணின் கீழ் வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். அவரால் முடிந்தது அது.

இரண்டு வருடத்தில் வளாகம் எழும்பியது. பெயர் என்ன தெரியுமா? 'பாரம்பரியம்.' நுழைவாயிலில் பிளாஸ்டிக்கில் வார்த்த பழங்காலப் பானைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம். திறப்பு விழாவில் 'மரபைக் காப்பது நம் கடமை' என்று சிறப்புரை ஆற்ற ஒன்றுமில்லையாரைத்தான் அழைத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். நடுவில் ஓரிடத்தில், யாரோ ஒரு தொழிலாளியின் விரல் தடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தொண்டையைச் செருமி, தண்ணீர் குடித்து, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கைதட்டல் பலமாக இருந்தது.

மனைவி விழாவுக்கு வரவில்லை. ஆனால் அவருக்கு ஒன்று தெரியும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கணவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டம் போட்ட காகிதத்தில், ஒன்பது வட்டங்களை அளவு பிசகாமல் வரைகிறார். ஒவ்வொரு செங்கலாக. எட்டாவதில் மட்டும் நீலப் பென்சில். "என்ன அது?" என்று ஒருநாள் கேட்டார். "வேண்டாத பேப்பர்" என்றார் அவர்.  அவர் குளிக்கப் போனபோது அந்த அம்மாள் அதை எடுத்துப் பார்த்தார். நல்ல படம். அடியில் கையெழுத்து மட்டும் போடவில்லை.

சரி, நீங்கள் இதுவரை நன்றாகச் சிரித்திருப்பீர்கள். இப்படியும் ஒரு மனிதரா என்று உச்சுக்கொட்டியிருப்பீர்கள். உங்களுக்கு மண்ணோடு சம்பந்தமில்லை. கணக்கு வாத்தியாராகவோ, மருந்துக்கடைக்காரராகவோ, கதை எழுதுகிறவராகவோ இருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இருபத்தைந்து வயதில் எதையோ ஒன்றை "கூடாது" என்று அடித்துச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? போன மாதம் ஒரு விருந்தில் பழைய நண்பர் யாரோ அதை ஞாபகப்படுத்தினார். "அட, அப்ப நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது உங்கள் வீட்டுக்காரர், அல்லது வீட்டுக்காரி, சிரித்தாரா என்று கவனித்தீர்களா?